பதினொரு மணிக்கு நிற்கும் பாட்டு

அந்தப் பெட்டியை எங்களிடம் கொண்டுவந்து வைத்தவர் முதலில் வந்தது பல்வலிக்காக. கடைவாயில் கடைசிப் பல் பாதி முளைத்து நின்று ஈறு வீங்கியிருந்தது. ஒரு பக்கக் கன்னம் மட்டும் பன் மாதிரி உப்பியிருந்தது. டாக்டர் மேடம் பல்லை எடுத்துவிட்டு, பஞ்சைக் கடிக்க வைத்து, அரை மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வெளியே அனுப்பினார். என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தவர் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. பஞ்சோடு சேர்த்தே பேச ஆரம்பித்தார்.

"மேழம், உங்க கிழினிக்குக்கு ஒழு பாட்டு வேணும்."

"பேசாம இருங்க சார். ரத்தம் நிக்காது" என்றேன்.

அவர் கேட்கவில்லை. உள்ளே கையைக் காட்டினார். உள்ளே அடுத்த ஆளுக்கு டிரில் ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒரு சத்தம். அவர் கையைக் காட்டிய அதே நேரத்தில், பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஒரு பெரியவர் யாரையும் பார்க்காமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அது எங்களுக்குப் புதிதில்லை. வாரத்தில் நாலைந்து பேர் அப்படித்தான் போவார்கள். "அடுத்தவங்களை அனுப்பு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நான் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது என்று யோசிப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். கிளினிக் மதுரையில் மஹால் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் இருந்தது. அங்கே பெயர் எழுதுவது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது எல்லாம் நான்தான். செக்கானூரணியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவேன். டாக்டர் மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. வேலையில் கை சுத்தம். மனிதர்களிடம் மட்டும் ஒரு எட்டுத் தள்ளியே நிற்பார்.

இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் வீக்கம் வடிந்த முகத்தோடு ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாய் சரியானதும்தான் அவருக்கு எவ்வளவு பேச வரும் என்று தெரிந்தது.

"வானத்துல சாட்டிலைட் நிக்குது மேடம். அதுல இருந்து நேரா உங்க கிளினிக்குக்குப் பாட்டு வரும். கேசட் வேணாம், சிடி வேணாம். இருபத்து நாலு மணி நேரமும் ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல விளம்பரம் கெடையாது. தமிழுக்குத் தனி சேனல், வீணை புல்லாங்குழலுக்குத் தனி சேனல். ஒரு மாசம் சும்மா வச்சுக் கேளுங்க. பிடிக்கலன்னா நானே வந்து எடுத்துட்டுப் போறேன்."

டாக்டர் மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு உடனே கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"ஒரு மாசம் சும்மா எதுக்குத் தாராங்க?"

"நீங்க கேட்டுப் பாக்கணும்ல மேடம்."

"கேட்டுப் பாக்க ஒரு நாள் போதாதா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் அப்பா உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் கயிற்றில் கைவைக்க மாட்டார். விற்கிறவன் அதிகம் பேசினால் இரண்டாம் முறையும் திறந்து பார்ப்பார். அந்த ரத்தம்தான் எனக்கும். இந்தப் பெட்டிக்குத் திறந்து பார்க்க வாய் இல்லை.

இருந்தாலும் மேடம் சரி என்றுவிட்டார். படியிறங்கிப் போன பெரியவர்கள் அவர் மனதில் இருந்திருக்க வேண்டும்.

பெட்டி பழைய டிரான்சிஸ்டர் அளவுதான். அதோடு சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் சப்பையாக ஒரு ஆன்டெனா. அது கிழக்கே வானத்தைப் பார்க்க வேண்டுமாம். மொட்டை மாடியில் வைத்திருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் மாடிச் சாவியைக் குடியிருக்கிறவர்களுக்குத் தருவதில்லை. தந்தால் அங்கேயே குடியேறிவிடுவோம் என்று அவருக்குப் பயம். அதனால் பெட்டி கொண்டுவந்தவர் சிகிச்சை அறையின் கிழக்கு ஜன்னலில், கம்பிக்கு வெளியே ஆன்டெனாவைக் கட்டினார். சந்து குறுகல். எதிரே மூன்று மாடி வீடு. அந்த வீட்டு மொட்டை மாடிச் சுவருக்கு மேலே தெரியும் ஒரு துண்டு வானத்தைப் பார்த்து, ஆன்டெனாவை அண்ணாந்து நிற்க வைத்தார். கொஞ்சம் திருப்புவார், உள்ளே ஓடிவந்து பெட்டியின் திரையைப் பார்ப்பார், மறுபடி ஓடுவார். கால் மணி நேரம் இது நடந்தது. பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், வீணை கேட்டது.

கொரகொரப்பே இல்லை. வானொலியில் பாட்டுக்கு அடியில் ஒரு இரைச்சல் எப்போதும் இருக்கும். அது இருந்ததே இப்போது அது இல்லாதபோதுதான் தெரிந்தது. அடுத்த அறையில் உட்கார்ந்து யாரோ வாசிப்பது போல இருந்தது. மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

எனக்கு முதல் நாள் முழுக்க ஒரு அசௌகரியம். என் வீட்டு வானொலியில் ஒருவர் வணக்கம் சொல்வார், மணி சொல்வார், இன்ன பாட்டை விரும்பிக் கேட்டவர்கள் என்று ஊர் ஊராகப் பெயர் படிப்பார். கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு குடும்பமே பெயர் எழுதிப் போட்டிருக்கும். இந்தத் தமிழ்ச் சேனலில் யாரும் பேசவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் இன்னொன்று. எழுதிக் கேட்டவர்கள் யாருமில்லை. யார் போடுகிறார்கள், யாருக்காகப் போடுகிறார்கள்? சாயந்திரம் பெட்டியை அணைத்துவிட்டுப் படியிறங்கும்போது, நான் அணைத்தது இந்தப் பெட்டியை மட்டும்தான், பாட்டு மேலே எங்கேயோ போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று தோன்றியது. கேட்க ஆளில்லாமல் ஒன்று பாடிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் போட்டபோது ஒரு பாட்டின் நடுவில் ஆரம்பித்தது.

பெட்டி என் மேஜையில்தான் இருந்தது. ஒயர் கதவுக்கு அடியில் சிகிச்சை அறைக்குள் போகும். மேடம் எனக்கு ஒரு வேலை வைத்தார்: உள்ளே டிரில் ஓடும்போது சத்தத்தைக் கூட்ட வேண்டும், நின்றால் குறைக்க வேண்டும். இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள், திருமங்கலத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒருமுறை கூட்டினேன். குறைத்தேன். மறுபடி கூட்டினேன். அவர் பக்கத்தில் இருந்த ஆளிடம் திரும்பினார்.

"மாப்ள, பாத்தியா? பாட்டுச் சத்தம் கூடுனா உள்ள ஒருத்தனைக் குடையுறாகன்னு அர்த்தம்."

"அப்படியாண்ணே?"

"நானும் மூணு தடவை பாத்துட்டேன். உள்ள கத்துறது வெளிய கேக்கக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு கூட்டுது."

இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே பெஞ்சில் ஒரு அசைவு தெரியும். டிரில் சத்தத்துக்குப் பயந்தவர்கள் இப்போது பாட்டுக்கும் பயந்தார்கள். மேடத்திடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பாட்டுக்கு யாராவது பயப்படுவாங்களா?" என்றார்.

பாட்டு நின்றது அந்த வாரத்தில்தான்.

காலை பதினொரு மணி இருக்கும். ஒரு பாட்டின் பாதியில் டக்கென்று அமைதி. திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. பெட்டியைத் தட்டினேன். அணைத்துப் போட்டேன். ஒன்றுமில்லை. ஒரு மணிக்கு மேல் தானாகவே பாட ஆரம்பித்தது. மறுநாளும் அதேபோல. அதற்கு மறுநாளும். நான் நோயாளிகள் பெயர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரத்தைக் குறித்து வைத்தேன். சரியாகப் பதினொன்று என்று இல்லை. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்னே பின்னே. ஆனால் தினமும்.

கொண்டுவந்து வைத்தவருக்கு போன் செய்தேன்.

"மழை ஏதும் பெய்யுதா மேடம்? பெரிய மழைன்னா கொஞ்சம் விட்டு விட்டு வரும்."

"வெயில் மண்டையைப் பொளக்குது சார்."

"அப்ப நிக்காதே."

அடுத்த நாள் காலையிலிருந்து நல்ல மழை. நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. மழை முழுக்கப் பாட்டு ஒரு நொடி நிற்கவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த சந்தேகம் அன்றைக்குத்தான் உறுதியானது. மழையில் நிற்கும் என்றார், ஓடியது. வெயிலில் நிற்காது என்றார், நின்றது. சும்மா தருகிற மாதத்தில் பாதியைத்தான் தருகிறார்கள், மிச்சத்துக்கு ஏங்க வைத்து ஆளைப் பிடிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மேலே உட்கார்ந்து எங்கள் பெட்டியை மட்டும் யாரோ தினமும் இரண்டு மணி நேரம் அடைக்கிறார்கள்.

நேரில் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். அவர் வந்தது மூன்று மணிக்கு. அப்போது பெட்டி அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தார், ஆன்டெனாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான மேடம் ஓடுது?" என்றார். குரலில் மரியாதை இருந்தது. பார்வையில் இல்லை.

அன்று கடைசி நோயாளி போனபின் டாக்டர் மேடம் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"நீதான் நிறுத்துறியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எதை மேடம்?"

"பாட்டை. உனக்கு ஆரம்பத்துல இருந்தே அது பிடிக்கல. எனக்குத் தெரியும். பிடிக்கலன்னா சொல்லிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் எதுக்கு மேடம் நிறுத்தப் போறேன்? பாருங்க, நேரம்கூட எழுதி வச்சிருக்கேன்."

நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். "நீ எழுதுனதுதான இது" என்றார். அவ்வளவுதான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கே ஆறு வருடம் வேலை பார்த்திருந்தேன். ஒரு பஞ்சுகூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. நான் ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்மேல் ஒருத்தர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. 

இரண்டு நாள் மேடமும் நானும் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசினோம். மூன்றாம் நாள், பல் அச்சு ஒன்றை லேபில் கொடுத்துவிட்டுச் சந்துக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தேன். கிளினிக் வாசலில் கால் வைக்கும்போது தோளில் சொட்டென்று ஏதோ விழுந்தது. யாரோ வெற்றிலை துப்பிவிட்டார்கள் என்று நினைத்துத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். பார்த்தால் என் வெள்ளைக் கோட்டில் கருநீலமாக ஒரு பொட்டு. அண்ணாந்து பார்த்தேன்.

எதிர்வீட்டு மொட்டை மாடியில், சுவருக்கு மேலே ஆள் உயரத்துக்குப் புதிதாக மூங்கில் கம்புகள் கட்டி, சுங்குடிச் சேலைகளை நீள நீளமாகக் காயப் போட்டிருந்தார்கள். கருநீலம், அரக்கு, பச்சை. எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். அந்தத் துண்டு வானத்தை முழுக்க அடைத்துக்கொண்டு தொங்கின. மேலே எங்கள் ஜன்னலில் ஆன்டெனா அண்ணாந்து அந்தச் சேலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

படியேறி ஓடினேன். பெட்டி ஊமையாக இருந்தது. மணி பதினொன்று ஐந்து.

உடனே எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். கூடவே இன்னொன்றும் நினைத்தேன்: வேண்டுமென்றே செய்கிறார்கள். எதிர்வீட்டில் சௌராஷ்டிரர் குடும்பம். சேலைக்குச் சாயம் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள். அந்த மாடியில் இரண்டு பெண்கள் நின்று அவர்கள் மொழியில் பேசிக்கொண்டு எங்கள் ஜன்னலைக் காட்டிச் சிரிப்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை புரியாது. புரியாததால் என்னைப் பற்றித்தான் என்று நினைத்து வைத்திருந்தேன். மேடம் உள்ளே ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி, எதிர்வீட்டுக்குள் போய், மூன்று மாடி ஏறினேன்.

அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஈரச் சேலை ஒன்றை உதறிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை நீலம். பக்கத்தில் அவள் தம்பி மனைவி. என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"எதுத்தாப்புல பல் ஆஸ்பத்திரில இருந்து வாரேன்" என்றேன்.

"தெரியும். தெனம் பாக்குறோமே, கோட்டுப் போட்ட பொண்ணு" என்றாள் மூத்தவள்.

"அக்கா, உங்க சேலையால எங்க பாட்டு நின்னு போகுது."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சேலையை வாளியில் போட்டாள்.

"எங்க சேலையாலயா? நல்லா இருக்கே! நான் மாடிக்கு வந்தா நீங்க பாட்டை நிறுத்துறீங்க. இப்ப எங்க மேலயே பழி போட வந்தீங்களா?"

"நான் நிறுத்துறேனா?"

"பின்ன யாரு? படியேறும்போது நல்லாக் கேக்கும். இன்னைக்காச்சும் ஒரு பாட்டை முழுசாக் கேப்போம்னு ஏறுவேன். நாலு சேலை விரிக்கிறதுக்குள்ள டப்புனு நின்னுரும். ஒரு நாள்னா சரி. தெனமுமா? நாம ஓசியில கேக்குறோம்னு அந்தப் பொண்ணு பாத்துப் பாத்து நிறுத்துதுன்னு இவகிட்டச் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

தம்பி மனைவி தலையாட்டினாள். "அண்ணி சண்டைக்கு வாரதாவே இருந்தாங்க. நான்தான் பிடிச்சு வச்சேன்."

அவர்கள் எங்கள் ஜன்னலைக் காட்டிப் பேசியது என்னைப் பற்றித்தான் என்று நான் நினைத்தது சரிதான். ஆனால் சங்கதி வேறு.

ஆன்டெனாவைக் காட்டினேன். பாட்டு மேலேயிருந்து வருகிறது, நடுவில் உங்கள் சேலை நிற்கிறது என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் நம்பவில்லை என்று தெரிந்தது.

"ஒரே ஒரு நிமிசம் இந்தக் கம்பை இறக்கிப் பாப்போம்கா."

"கஞ்சி போட்ட சேலை. தரையில பட்டா யாரு மறுபடி அலசுறது?"

"நான் அலசித் தாரேன்."

ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இரண்டு கம்புகளைச் சுவருக்குக் கீழே இறக்கினோம். ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து எண்ணுவதற்குள் சந்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பழைய பாட்டின் நடுவரி கணீரென்று வந்தது. கம்பைத் தூக்கினோம். நின்றது. இறக்கினோம். வந்தது. மூன்றாம் முறை இறக்கியபோது, பாதி திறந்திருந்த எங்கள் ஜன்னல் கதவு படாரென்று முழுக்கத் திறந்தது. முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு டாக்டர் மேடம் நின்றார்.

"பாட்டை ஏன் இப்படி விட்டு விட்டுப் போடுற?" என்று உள்பக்கம் திரும்பிக் கத்தினார். என் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்திருப்பார். பிறகு தலையைத் திருப்பி, சந்துக்கு மேலே, எதிர்மாடியில் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்தார்.

"நீ அங்க என்ன பண்ற?"

"மேடம், இப்பப் பாட்டு ஓடுதா?"

"ஓடுது."

நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். கம்பைத் தூக்கினோம்.

"இப்ப?"

மேடம் உள்பக்கம் காதைத் திருப்பிக் கேட்டார். "நின்னுருச்சு" என்றார். சேலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே வாயைத் திறந்தபடி ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மூத்தவள் கம்பைக் கட்டிவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "அம்புட்டு ஒசரத்துல இருந்து வருதுங்கிறீங்க. ஒரு ஈரச் சேலையத் தாண்ட முடியலயா அதுக்கு?" என்றாள்.

அந்த மாடியில் வெயில் நன்றாக விழுவது பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை சுவரோரம்தான். கம்பை மாற்ற முடியாது. ஆகவே ஆன்டெனாவை அவர்கள் மாடிக்கே கொண்டுபோய் வைப்பது என்று பேசி முடித்தோம். பெட்டி கொண்டுவந்தவர் நீள ஒயரோடு வந்தார். அக்கா அவரை லேசில் விடவில்லை. இதில் கரண்ட் வருமா, இடி இழுக்குமா, இதிலிருந்து வருகிறது பட்டால் சாயம் வெளுக்குமா என்று மூன்று முறை கேட்டாள். அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அப்படியும், சாயம் போட்ட ஒரு முழத் துண்டுத் துணியை ஆன்டெனாவின் மேல் ஓரமாகக் கட்டி, இன்னொரு துண்டை வீட்டுக்குள் வைத்து, இரண்டு நாள் கழித்து இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். என் அப்பா பார்த்திருந்தால் அவளை மெச்சியிருப்பார். பிறகுதான் ஆன்டெனா அங்கே நிலைத்தது. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: காலையில் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

நீதான் நிறுத்துகிறாயா என்று கேட்டதற்காக டாக்டர் மேடம் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆன்டெனா நிலைத்த அன்று சாயந்திரம் கிளம்பும்போது, "நாளைல இருந்து சேனலை நீயே பாத்து வை" என்றார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டாம், ஒரே அளவில் இருக்கட்டும் என்றும் சொன்னார். பெஞ்சில் ஆட்கள் தங்க ஆரம்பித்தார்கள். மாதம் முடிந்ததும் சந்தா படிவத்தை மேடம் இரண்டு முறை படித்தார், என்னையும் படிக்கச் சொன்னார், பிறகு ஒரு வருடத்துக்குக் கட்டினார். பாட்டைத் தேர்ந்தெடுப்பது யார் என்று நான் அந்த மனிதரிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் என்றார். கம்ப்யூட்டருக்குக் காலையில் எது கேட்க வேண்டும் என்று எப்படித் தெரியும் என்றேன். அவர் மணி பார்த்தார்.

அந்த அக்காவும் நானும் ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழகினோம். அவள் எதைத் தின்றாலும் வலது பக்கமே மெல்லுவதை அப்போதுதான் கவனித்தேன். இடது கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தையாகி இரண்டு வருடம் ஆயிற்றாம். வந்து காட்டுங்கள் என்றால் அவளுக்குக் கோபம் வரும்.

"மாடியில நிக்கிறவளுக்குத் தெரியாதா அங்க என்ன நடக்குதுன்னு? பாட்டைப் போட்டு மயக்கி உக்கார வச்சுருவீங்க."

தீபாவளிக்கு முந்தின மாதம், சேலைக்கு நெருக்கடியான நேரத்தில், பல் அவளை மூன்று நாள் தூங்கவிடவில்லை. ஒரு மத்தியானம் தம்பி மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கன்னத்தில் துணியை அமுக்கிக்கொண்டு, நாற்காலியில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்தாள். மேடம் ஊசியை எடுத்ததும் அவர் கையைத் தடுத்தாள்.

"முதல்ல அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்க."

"பாட்டு ஓடுனா வலி தெரியாதும்மா" என்றார் மேடம்.

"தெரியணும். நீங்க என்ன செய்யிறீங்கன்னு எனக்குக் கேக்கணும்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் வெளியே போய் அணைத்துவிட்டு வந்தேன். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து பல நாள் ஆகியிருந்தது. ஊசி போட்டு, மரத்துப் போகும்வரை காத்திருந்து, மேடம் இடுக்கியை எடுத்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகக் கண்ணெல்லாம் நீலம் ஏறிய கை. கண்ணை மூடவில்லை. இடுக்கி தட்டில் படும் சத்தம், பல் அசையும்போது வரும் நெறுநெறுப்பு, குழாய் எச்சிலை உறிஞ்சும் சத்தம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டாள். நான் உறிஞ்சு குழாயைக் கொஞ்சம் அசைத்தால்கூடக் கண் அந்தப் பக்கம் போனது.

முடிந்ததும் பல்லைக் கேட்டுச் சைகை செய்தாள். மேடம் கழுவிக் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்து, சொத்தைப் பள்ளத்தில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். அதன் பிறகு என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, வாயைத் திறந்து, மிச்சமிருக்கும் பற்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். சரியாக இருந்தது போலிருக்கிறது. டாக்டர் மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, பல்லை ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பி மனைவியோடு படியிறங்கினாள்.

நான் ஜன்னலில் நின்று, அவர்கள் சந்தைக் கடந்து வீட்டுக்குள் போகிறவரை பார்த்தேன். பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்தவரை உள்ளே அனுப்பி, அவர் வாயைத் திறந்து, டிரில் ஓட ஆரம்பித்த பிறகுதான் பெட்டியைப் போடவே இல்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.